குடும்பத்தில் ஒருத்தி



சென்ற மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு வெளிநாட்டு வேலை பற்றித் திரும்பியது. குவைத்தில் ஏழு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த ஓர் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, வெள்ளைக்காரப் பிள்ளையளும் எங்களைப்போல மற்ற ஆக்களின்ர வீட்டில நிண்டு பிள்ளை பாக்கப் போவினமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் பிறந்து, ஜேர்மனியில் ஒரு வீட்டில் நின்று பிள்ளை பார்த்தவள். அன்று நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்ன கதையை இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் முழுமையாகச் சொல்கிறேன்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அக்காவின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக மூன்று மாத விசாவில் ஜேர்மனிக்குப் போயிருந்தேன். அக்கா குடும்பம் இருப்பது கொலோன் நகரில், றைன் நதியின் கிழக்குக் கரையில் உள்ள டொய்ட்ஸ் என்ற பகுதியில். வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஆறு தெரியும். அக்கரையில் அந்த நகரத்தின் பெரிய தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களும் தெரியும். 1248இல் கட்டத் தொடங்கி 1880இல்தான் முடித்தார்களாம்.

அது நான்கு மாடிக் கட்டடம். சலவை இயந்திரங்கள் எல்லாம் நிலவறையில். குழந்தையின் துணிகளைத் துவைக்க நான் நாளுக்கு ஒரு தடவை கீழே இறங்குவேன். அங்கேதான் அவளைச் சந்தித்தேன். பத்தொன்பது வயது. ஒகையோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். எங்களுக்கு மேல்மாடியில் இருந்த ஜேர்மன் குடும்பத்தில் தங்கியிருந்தாள். அக்கா அவளை "மேல்வீட்டுப் பிள்ளை" என்றுதான் சொல்லுவார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் அவளிடம், "நீ அந்த வீட்டில் வேலை செய்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "வேலை இல்லை, நான் ஓ பெயார்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவளே விளங்கப்படுத்தினாள்.

ஓ பெயார் என்றால் என்ன?

இது ஒரு பிரெஞ்சுச் சொல். 'சமமாக' என்று பொருள். வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் இளம் பெண்ணோ ஆணோ ஒரு குடும்பத்துடன் தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்து, சிறு வீட்டுவேலைகளில் கைகொடுத்து, பதிலாக உணவும் உறைவிடமும் கைச்செலவுப் பணமும் பெற்று, அந்த நாட்டு மொழியையும் வாழ்க்கையையும் பழகிக்கொள்வதே இந்த ஏற்பாடு. எஜமானியும் வேலைக்காரியும் இல்லை, இருவரும் சமம் என்பதுதான் கருத்து. 1969ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் இதற்காக ஓர் உடன்படிக்கையையே எழுதின. ஓ பெயாராக வருபவர் மாணவியும் அல்ல, தொழிலாளியும் அல்ல, இரண்டின் சாயலும் உள்ள தனி வகை என்று அதிலே குறிப்பிட்டார்கள்.

ஜேர்மனியில் இதற்குரிய விதிகள் தெளிவானவை. வயது 18 முதல் 26 வரை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தங்கலாம். ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம், வாரத்துக்கு 30 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரத்தில் குறைந்தது ஒரு முழுநாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது அந்த ஓய்வு நாளாக இருக்கவேண்டும். வாரத்தில் நான்கு மாலைப் பொழுதுகள் அவளுக்கே சொந்தம். வீட்டுக்குள் தனி அறை கொடுக்கவேண்டும். மருத்துவ, விபத்துக் காப்புறுதிகளைக் குடும்பமே கட்டவேண்டும். நான் அங்கே நின்ற 2025இல் கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்குக் குறைந்தது 70 யூரோ. நோயாளிகளையும் முதியவர்களையும் பராமரிப்பது அவளுடைய வேலையல்ல. இவை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி இரு பகுதியினரும் கையெழுத்திட வேண்டும்.

அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி. எங்களைப்போல் தூதரகத்துக்கு முன்னால் கோப்புடன் காத்திருக்கத் தேவையில்லை. விசா இல்லாமலே வந்து இறங்கி, நகரசபையில் முகவரியைப் பதிந்து, மூன்று மாதத்துக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்தால் போதும். 2024 செப்டெம்பரில் அவள் வந்ததும் அப்படித்தான். இதை அவள் சாதாரணமாகச் சொன்னபோது, எனது விசாவுக்காக அத்தான் எத்தனை கடிதம் எழுதினார் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஒரு நாள் வாழ்க்கை

அவளுடைய நாள் காலை ஆறேமுக்காலுக்குத் தொடங்கும். மேல்வீட்டில் இரண்டு பிள்ளைகள். பையனுக்கு எட்டு வயது, சிறுமிக்கு ஐந்து. தாய் ஒரு வைத்தியசாலையில் தாதி. தந்தை வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போகிறவர். பிள்ளைகளை எழுப்பி, பாணும் தானியமும் பாலும் கொடுத்து, அப்பிளும் வெள்ளரிக்காயும் வெட்டிச் சிறிய பெட்டிகளில் அடைத்து, பையனைப் பள்ளிக்கூடத்திலும் சிறுமியை முன்பள்ளியிலும் விட்டுவிட்டு எட்டேகாலுக்குத் திரும்புவாள். பிறகு ஜேர்மன் மொழி வகுப்பு. பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளைகளை அழைத்து வந்து, விளையாட்டு முற்றத்துக்குக் கூட்டிப்போய், பையனின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பாள். ஆறு மணிக்கு இராச்சாப்பாடு. அங்கே இரவில் அடுப்பு மூட்டுவது குறைவு. பாண், வெண்ணெய், சீஸ், இறைச்சித் துண்டு, ஊறவைத்த வெள்ளரிக்காய். அதுதான் சாப்பாடு. "முதல் மாதம் பிரதான சாப்பாடு இனித்தான் வருமென்று காத்திருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்குப் புதிதாக இருந்த பல விடயங்கள் எனக்கும் புதிதாக இருந்தன. குப்பையை நான்கு நிற வாளிகளில் பிரித்துப் போடவேண்டும். கடதாசிக்கு நீலம், பொதி செய்த பிளாஸ்ரிக், தகரத்துக்கு மஞ்சள், மரக்கறிக் கழிவுக்கு மண்ணிறம், மிச்சத்துக்குச் சாம்பல். போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சதம் கையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. அன்று சுவரில் ஆணி அடித்தாலும் பக்கத்து வீட்டார் முறைப்படுவார்கள். நடுக்குளிரிலும் காலையில் யன்னல்களை அகலத் திறந்துவிடுவார்கள். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். இது ஒன்றுதான் எனக்குப் பழகிய பழக்கம்!

அவளுடைய ஊரில் கார் இல்லாமல் கடைக்கும் போக முடியாதாம். பதினாறு வயதிலேயே கார் ஓட்டியவள், கொலோனில் ட்ராம் வண்டியிலும் சைக்கிளிலும் திரிந்தாள். "இங்கே எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் பள்ளிக்கூடம் நடந்து போகிறான், எங்கள் ஊரில் யாரும் விடமாட்டார்கள்" என்று வியந்தாள்.

குளிர்காலம் அவளுக்குக் கடினமாக இருந்திருக்கிறது. நாலரை மணிக்கே இருள். மொழி பாதிதான் விளங்கும். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது, எதற்கென்று தெரியாமல் தானும் சிரிப்பாளாம். இரவில் அறைக் கதவைப் பூட்டிவிட்டு அம்மாவோடு தொலைபேசியில் கதைத்து அழுவாளாம். நவம்பர் 11ஆம் திகதி புனித மார்ட்டின் திருநாளன்று பிள்ளைகள் கடதாசி விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு தெருவில் போவார்கள். சிறுமியின் விளக்கை அவளே செய்து கொடுத்திருக்கிறாள். ஊர்வலத்தின் நடுவில் சிறுமி திரும்பி, முன்பள்ளித் தோழியிடம் இவளைக் காட்டி, "இது எங்கட ஆள்" என்று சொல்லியிருக்கிறது. "அன்றைக்குத்தான் ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணத்தை விட்டேன்" என்றாள்.

நீயும் நீங்களும்

எங்கள் தமிழைப் போலவே ஜேர்மன் மொழியிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு. நெருங்கியவர்களை 'டூ' என்றும் மற்றவர்களை 'ஸீ' என்றும் அழைப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லாததால் அவள் திண்டாடிப் போனாள். ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரியை 'நீ' என்று அழைத்துவிட்டாளாம். ஆனால் மேல்வீட்டுத் தாய் முதல் நாளே, "எங்களை 'நீ' என்றே சொல்லு. நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்று சொல்லியிருக்கிறார். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சகோதரிகளே, இந்தக் கதையின் சிக்கல் அந்த அன்பான வார்த்தைக்குள்தான் இருந்தது.

ஒப்பந்தப்படி அவளுக்குக் காலையில் ஒன்றரை மணி, மாலையில் மூன்றரை மணி. ஐந்து நாளைக்கு 25 மணிநேரம். அதோடு தாய்க்கு இரவுக் கடமை உள்ள ஒரு நாளில் மூன்று நான்கு மணி. எல்லாம் சேர்த்தாலும் 30ஐத் தாண்டாது. கடதாசியில் கணக்குச் சரி.

நடைமுறையில் என்ன நடந்தது? முன்பள்ளியில் ஆசிரியைகள் போதாமல் சில நாட்களில் நண்பகலுடன் பூட்டிவிடுவார்கள். ஒரு வயது நிறைந்த எந்தப் பிள்ளைக்கும் பராமரிப்பு இடம் கிடைக்கவேண்டும் என்று 2013 முதல் அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய ஆட்கள் இல்லை. அந்த நாட்களில் சிறுமி யாரிடம் வரும்? இவளிடம்தான். "பத்து நிமிடம் பார்த்துக்கொள்" என்பது ஒரு மணிநேரமாகும். பிள்ளைகளின் உடுப்பு மடித்தவள் முழு வீட்டு உடுப்பையும் மடிக்கத் தொடங்கினாள். ஞாயிறு காலையில் தாய் தகப்பன் களைத்துத் தூங்க, பிள்ளைகள் இவளுடைய அறைக் கதவைத் தட்டுவார்கள். நிலவறையில் அவள் கொண்டுவரும் துணிக்கூடை வாரத்துக்கு வாரம் பெருத்ததை நானே கண்டேன்.

"நீ ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் என் மனதில் நின்றுவிட்டது.

"நீங்கள் என்று அழைக்கும் ஒருவரிடம் மணிக்கணக்குக் கேட்கலாம். நீ என்று அழைக்கும் ஒருவரிடம் எப்படிக் கேட்பது? குடும்பத்தில் யாராவது கணக்குப் பார்ப்பார்களா?"

குண்டு எடுத்த நாள்

ஜூன் 2ஆம் திகதி, எங்கள் பகுதியில் நிலத்தைத் தோண்டும்போது இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுகள் மூன்று அகப்பட்டன. மூன்றும் அன்று அமெரிக்க விமானங்கள் போட்டவை. போரிலே பெரிதும் குண்டு வீசப்பட்ட நகரம் கொலோன். எண்பது வருடம் கடந்தும் நிலம் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. 4ஆம் திகதி புதன்கிழமை குண்டுகளைச் செயலிழக்கச் செய்வதற்காகச் சுற்றிவர ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த 20,000இற்கும் மேற்பட்ட மக்களை வெளியேறச் சொன்னார்கள். போருக்குப் பிறகு அந்த நகரில் நடந்த மிகப்பெரிய வெளியேற்றம் அதுதான். பள்ளிக்கூடங்கள் பூட்டு. அந்த வட்டத்துக்குள் இருந்த வைத்தியசாலையும் வெளியேற வேண்டியிருந்தது.

அதிகாரிகள் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். அயலவர்கள் சலிப்போடு, ஆனால் பயமில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் வீட்டில் அக்கா முதலில் எடுத்தது என்ன தெரியுமா? குழந்தையின் பால்போத்தல் அல்ல. பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வதிவிட அட்டை எல்லாம் அடுக்கி வைத்திருந்த கோப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலும் என் கோப்பு இருந்தது. 1995இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது எனக்கு ஐந்து வயது. அம்மாவின் மடியில் இருந்த அந்தப் பழைய கைப்பை எனக்கு நினைவிருக்கிறது. வாசகிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அத்தான் அக்காவையும் குழந்தையையும் காரில் நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடம் இல்லாத ஆறு வயதுப் பெறாமகன் என் பொறுப்பு. மேல்வீட்டுத் தாய்க்கு அன்று கட்டாயக் கடமை. தந்தை வெளியூரில். ஆகவே இரண்டு பிள்ளைகளும் அவள் பொறுப்பு. நாங்கள் ஐவரும் காலை ஏழரைக்கு ட்ராம் வண்டியில் ஆற்றைக் கடந்து, நகரின் மேற்குப் பக்கத்தில் உள்ள பெரிய பூங்காவுக்குப் போனோம். அங்கே மான், ஆடு, கழுதைகளை இலவசமாகப் பார்க்கலாம்.

அவள் தூக்கிவந்த பையில் மூன்று வேளைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. தொப்பி, தண்ணீர், மாற்றுடுப்பு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர், கதைப்புத்தகம். பையன் யாரிடமோ கேட்டறிந்து வந்து, "அது உங்கட நாட்டுக் குண்டாமே?" என்று கேட்டான். அவள் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓம். எங்கள் நாட்டுக் குண்டுதான். இன்றைக்கு அதை எடுத்துவிடுவார்கள்" என்றாள். பையன் தலையை ஆட்டிவிட்டு ஆட்டுக்குத் தீன் போடப் போய்விட்டான்.

முகமாலையில் வெயிலில் முழங்காலில் இருந்து கண்ணிவெடி எடுக்கும் எங்கள் பெண்களைப் பற்றி அப்போது அவளுக்குச் சொன்னேன். கணவனை இழந்த தாய்மாரும் அதில் இருக்கிறார்கள் என்றேன். அவள் நீண்டநேரம் பேசவில்லை.

குண்டுகள் செயலிழக்கப்பட்டன என்ற செய்தி இரவு ஏழரை மணியளவில் வந்தது. சிறுமி அவளுடைய தோளிலேயே தூங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, படுக்கவைத்து, தாய் களைத்து விழுந்து வரும்போது ஒன்பது மணி. காலை ஏழிலிருந்து பதினான்கு மணிநேரம். மறுநாள் ஆறேமுக்காலுக்கு அவள் மறுபடி எழும்பினாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. யாரும் யோசிக்கவும் இல்லை.

ஒரு கொப்பியும் ஒரு கணக்கும்

மறுநாள் இரவு நிலவறையில் துணி காயும்வரை இருவரும் வாங்கில் இருந்தோம். என் தொழிலில் கண்ட ஒரு பிள்ளையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். இடப்பெயர்வில் தாய் தகப்பனைப் பிரிந்து, வவுனியாவில் ஓர் உறவினர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. "எங்கட பிள்ளை மாதிரி" என்றுதான் அந்த வீட்டார் சொன்னார்கள். பொய்யாகச் சொல்லவுமில்லை. ஆனால் அந்த வீட்டில் முதலில் எழும்பியதும் கடைசியில் சாப்பிட்டதும் அவள்தான். சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றாமல் விட்டதும் அவள் ஒருத்திதான். சொந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் வீடே அமைதியாகும். 'மாதிரி'ப் பிள்ளைக்கு அந்த அமைதி கிடைக்கவில்லை.

"குடும்பம் என்ற சொல் நல்லது. ஆனால் அது கணக்கை மறைக்கவும் உதவும்" என்றேன். பல்கலைக்கழகத்தில் படித்த ஒன்றையும் சொன்னேன். ஆர்லி ஹொக்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் ஒரு நூலில், தொழிலுக்காக முகமலர்ச்சியையும் பரிவையும் காட்டிக்கொண்டிருப்பதும் உழைப்பே என்று எழுதினார். அதனை 'உணர்ச்சி உழைப்பு' என்பார்கள். பிள்ளை பார்ப்பதில் அன்பு இருக்கிறது என்பதற்காக அது உழைப்பு இல்லையென்று ஆகிவிடாது.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாரம் 30 மணிநேரம் என்றாலே, 280 யூரோவை வகுத்தால் மணிக்கு இரண்டு யூரோவுக்குச் சற்று அதிகம். அந்த வருடம் ஜேர்மனியில் தொழிலாளருக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. ஓ பெயார் தொழிலாளி என்று கொள்ளப்படாததால் அந்தச் சட்டம் அவளுக்கு இல்லை. அறையும் சாப்பாடும் மொழியும்தான் மிச்ச ஊதியம். "அதை நான் தெரிந்துதான் வந்தேன். 30 மணிநேரம் என்றால் எனக்குக் குறையில்லை" என்றாள். தன் நாட்டுக்கு வரும் ஓ பெயார்களிடம் வாரம் 45 மணிநேரம்வரை வேலை வாங்கலாம் என்பதையும் அவளே சொன்னாள்.

"முதலில் எழுது. இரண்டு கிழமை எழுதிப் பார். பிறகு கதைக்கலாம்" என்றேன். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த வேலை என்று எழுதத் தொடங்கினாள். முதல் கிழமை 41 மணிநேரம். அடுத்தது 38. அவளே திகைத்துவிட்டாள். "இருபத்தைந்து முப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

ஒரு மாலை கொப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை மேசையில் வைத்து, தான் படித்த ஜேர்மன் மொழியில், 'நீ' என்றே அழைத்துத் தாயோடு கதைத்தாள். தாய் ஒவ்வொரு பக்கமாகப் படித்தாராம். பிறகு சொன்னாராம்: "வைத்தியசாலையில் என்னுடைய ஒவ்வொரு கால்மணிநேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். உன்னுடையதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

அந்தத் தாய் கெட்டவர் அல்லர், சகோதரிகளே. முன்பள்ளி பூட்டுகிறது, கணவர் வெளியூரில், கடமையோ காத்திருக்காது. பராமரிப்பின் சுமை அவர் தோளில் விழ, அது அவரையும் அறியாமல் தன்னிலும் இளைய ஒரு பெண்ணின் தோளுக்கு வழிந்தது. அரசாங்கம் ஏற்காத வேலை, ஆண் பங்கெடுக்காத வேலை, எங்கேயும் கடைசியில் ஒரு பெண்ணிடம்தான் போய்ச் சேருகிறது.

அடுத்த நாளிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு நேரஅட்டவணை தொங்கியது. மேலதிக மணிநேரங்களுக்குப் பதிலாக நான்கு நாள் விடுமுறை கொடுத்தார்கள். அவள் பேர்லின் பார்த்து வந்தாள். இரவுக் கடமை நாட்களுக்கு வேறொரு மாணவியை மணிக்கணக்குக்கு அமர்த்தினார்கள். தந்தைக்கு அந்தச் செலவு பிடிக்கவில்லை. ஒரு கிழமை அவர் அவளோடு அளந்துதான் பேசினாராம். அதையும் சொல்லத்தான் வேண்டும். கேட்டால் சிலருடைய முகம் மாறும். ஆனால் அது அவளைத் துரத்திவிடவில்லை.

அவளை வாட்டியது சிறுமியின் கேள்விதான். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எழுதாத நேரத்தில் நீ என்னோடு விளையாட மாட்டாயா?" என்று கேட்டிருக்கிறது.

"விளையாடுவேன். எழுதாத நேரத்தில் விளையாடினால், எனக்கு ஆசை என்றபடியால் விளையாடுகிறேன் என்று உனக்குத் தெரியும்" என்று சொன்னாளாம்.

நான் ஜூன் கடைசியில் ஊர் திரும்பினேன். விடைபெறும்போது அவள் அந்தக் கொப்பியைக் காட்டினாள். பின்பக்கங்களில் சிறுமி கிறுக்கிய படங்கள். ஓகஸ்டில் ஒரு வருடம் முடிந்து அவளும் ஒகையோ போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எங்களுக்கு என்ன?

இந்தப் பிள்ளையின் நிலையும் எங்கள் பெண்களின் நிலையும் ஒன்றல்ல. அவளுடைய கடவுச்சீட்டு அவளுடைய மேசை இழுப்பறையில் இருந்தது. அறைத் திறப்பு அவளிடம் இருந்தது. பிடிக்காவிட்டால் 14 நாள் அறிவித்தல் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஊரில் அவளுடைய பணத்தை எதிர்பார்த்து ஒரு வீடு காத்திருக்கவில்லை. குவைத்திலிருந்து வந்த எங்கள் அக்காவுக்கு இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை. அத்தனையும் இருந்தும் அவளால் ஒன்பது மாதம் வாய் திறக்க முடியவில்லை என்றால், ஒன்றுமில்லாத எங்கள் பிள்ளைகள் வாய் திறக்காததில் என்ன வியப்பு? "ஏன் நீ சொல்லவில்லை?" என்று அவர்களைக் குற்றஞ்சாட்டுவதை இனியாவது நிறுத்துவோம்.

வீட்டுப் பணியாளருக்கென சர்வதேச தொழில் நிறுவகம் 2011ஆம் ஆண்டு 189ஆம் இலக்க உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஜேர்மனி அதனை 2013இல் உறுதிப்படுத்தியது. வேலை நிபந்தனைகளைப் பணியாளருக்கு விளங்கும் விதத்தில் அறிவிக்கவேண்டும், வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணிநேரமாவது ஓய்வு வேண்டும், கடவுச்சீட்டையும் அடையாள ஆவணங்களையும் பணியாளர் தம் கையிலேயே வைத்திருக்கலாம் என்பன அதில் எழுதப்பட்டுள்ளன. இவை யாருடைய இரக்கமும் அல்ல, உரிமை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கோ, கொழும்பில் ஒரு வீட்டுக்கோ, பக்கத்துத் தெருவில் பிள்ளை பார்க்கவோ போகும் எவரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். என்ன நேரம் தொடங்கவேண்டும்? என்ன நேரம் முடியும்? எந்த நாள் என்னுடையது? பதிலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் செய்ததையும் எழுதுங்கள். எழுத வராவிட்டால் சுவர்க்கலண்டரில் கோடு போட்டு வையுங்கள். அதைக் காட்டிக் கேட்கும் நாள் உடனே வராமலும் போகலாம். ஆனால் எண்ணிப் பார்த்தவளுக்குத் தன் உழைப்பின் அளவு தெரியும். தெரிந்தவளை ஏமாற்றுவது கடினம்.

இன்னுமொன்று. எங்கள் வீட்டிலேயே "எங்கட பிள்ளை மாதிரி" ஒருத்தி இருக்கலாம். தாயை இழந்த பெறாமகளோ, போரில் மகனை இழந்தபின் எங்களோடு தங்கிய மருமகளோ, கணவர் காணாமற்போனபின் வந்து சேர்ந்த தங்கையோ. அவள் எத்தனை மணிக்கு எழும்புகிறாள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள், எந்த நாள் அவளுடையது என்று இன்றிரவு ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

இதை எழுதி முடித்து அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீ மூண்டு மாதம் என்ர பிள்ளையைப் பாத்த கணக்கு எங்கயடி?" என்றார். "எழுதேல்லை அக்கா. அது ஆசையில பாத்தது" என்றேன். "அதுசரி. ஆனா ஞாயிற்றுக்கிழமையில உன்னை ஒரு நாளாவது நித்திரை கொள்ள விட்டனானே?" என்று கேட்டார். விட்டவர்தான். எல்லா ஞாயிறும் விட்டார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.